மேலப்புதூருக்கு மூன்றரை கிலோமீட்டர்

"கொஞ்சம் சத்தமா வாசிங்க சார், பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் வைதேகி.

நான் வாசிப்பதையே நிறுத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொன்மலைக்குச் சற்று இந்தப் பக்கம், ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம். பங்குனி வெயில், ஒன்பது மணிக்கே சிமெண்டுத் தரை சுட்டது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வதங்கித் தொங்கியது. சைக்கிளைப் பிடித்தபடி பதினோரு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். என் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். எண்பது சொச்சம் வருடங்களுக்கு முன்னால் ஒரு கோவில்பிள்ளை, அதாவது மாதா கோவில் உபதேசியார், பென்சிலில் எழுதிய நோட்டின் பிரதி.

நான் அதுவரை வாசித்திருந்தது இவ்வளவுதான்: "ஆண். முப்பது வயதிருக்கலாம். கால் இரண்டும் புண். பேச்சில்லை. பெயர், ஊர் தெரியவில்லை. கழுத்தில் உத்தரியம் இருந்தபடியால் நம்மவர் என்று அறிந்தேன். வழக்கமான பழுப்புத் துணியன்று. மயில்கழுத்துப் பட்டு."

பக்கத்தில் நின்ற பல் டாக்டரிடம் தாளை நீட்டி, "கண்ணாடி கொண்டு வரலைங்க, நீங்க வாசிங்க" என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேலேதான் இருந்தது. அவர் நல்ல மனிதர், வாங்கிக்கொண்டார்.

அறுபத்தெட்டு வயதில் சைக்கிள்

திருவெறும்பூர் தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக நான் குப்பை கொட்டிய கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, துவாக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: எதைப் பார்த்தாலும் விரிசலைத்தான் தேடுவீர்களா என்று. ஆமாம் ஐயா. முப்பத்து நான்கு வருடம் அதற்குத்தான் சம்பளம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடையது தொட்டிலில் வந்த பழக்கம் அல்ல, ஆனாலும் சுடுகாடு வரை வந்துதான் விடும்.

இந்தச் சைக்கிள் பயணம் என் மகள் பெங்களூரில் இருந்தபடியே எனக்குப் பிறந்தநாள் பரிசாகப் பதிவு செய்தது. முழங்காலுக்கு நல்லது என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார். என் மனைவி மட்டும் விடவில்லை. "தவக்காலத்து ஞாயித்துக்கிழமை பூசையை விட்டுட்டுச் சைக்கிள் ஓட்டப் போற ஒரே கிறிஸ்தவர் நீங்கதான்" என்றாள். சாயங்காலப் பூசைக்குப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வைதேகிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரி, கல்லூரியில் வரலாறு நடத்துகிறாள். ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டி, இந்த ஊரில் நடந்த சண்டைகளின் இடங்களைச் சைக்கிளில் காட்டுவது அவள் வழக்கம். அவளிடம் ஒரு முறை உண்டு. நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் வந்தவர்களில் ஒருவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுவாள். தான் வாசிக்க மாட்டாள். "நான் சொன்னா பாடம் ஆயிடும். நீங்க வாசிச்சா உங்க வாயில வந்ததா இருக்கும்" என்பாள்.

பேர் இல்லாதவர்கள்

ஸ்ரீரங்கத்தில் இருந்து கிளம்பினோம். வெள்ளைக் கோபுரத்தின் கீழே முதல் தாள். வடக்கே இருந்து வந்த படை கோவிலுக்குள் புகுந்து வெட்டிய கதை. படைத்தலைவனைக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போய்த் தள்ளிவிட்டுத் தானும் விழுந்து செத்த பெண்ணின் கதை. கோபுரத்தடியில் பூக்காரம்மா ஒருத்தி மல்லிகை தொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே வைதேகி சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. குரல் கொஞ்சம் மாறி, வீட்டுப் பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. "பெருமாளை எழுந்தருளப் பண்ணிண்டு தப்பிச்சுப் போனவாளுக்கெல்லாம் கதை இருக்கு. இங்கேயே நின்னு வெட்டுப்பட்டவாளுக்குப் பேர்கூடக் கிடையாது. நான் அவாளைத்தான் தேடிண்டிருக்கேன்."

இவ்வளவு பழைய கணக்கில் பேரைத் தேடி என்ன ஆகப் போகிறது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். எனக்கு வாய்த்துடுக்கு அதிகம், நல்லவேளையாக அன்று வெளியே வரவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளம் இதே மதில்களுக்குள் வந்து தங்கிய கதையை இன்னொருவர் வாசித்தார். பிறகு காவிரிப் பாலம். தண்ணீர் ஓர் ஓரமாக ஒடுங்கிப் போய்க்கொண்டிருந்தது. கோட்டை வாசலில் ஒரு தாள். பாலக்கரையில் டீ. அங்கிருந்து பொன்மலைப் பக்கம். வெயில் ஏற ஏறப் பேச்சுக் குறைந்தது.

கல்யாண மண்டபத்துக்கு வந்ததும் வைதேகி என்னைப் பார்த்தாள். "சார், இது உங்களுக்கு. உங்க ஆளுங்க எழுதினதுதான்."

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட சமயத்தில், அங்கிருந்து காட்டு வழியே நடந்து உயிர் தப்பி வந்தவர்கள் ரயில் ரயிலாக நம் பக்கம் வந்தார்கள். வாந்திபேதி கண்டவர்களை ஊருக்குள் விடவில்லை. இந்த இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, சுற்றி மூங்கில் வேலி கட்டி, வாசலில் காவலுக்கு ஆள் வைத்தார்கள். செத்தவர்களைத் தொட உள்ளூரில் ஆள் இல்லை. லால்குடிப் பக்கத்தில் இருந்து ஒரு கோவில்பிள்ளை வந்து, கிறிஸ்தவர்களுக்கு ஜெபம் சொல்லி, எல்லாரையும் கொட்டகைக்குப் பின்னாலேயே புதைத்தார். ஒவ்வொருவரைப் பற்றியும் சில வரி எழுதி வைத்தார். அந்த நோட்டு லால்குடியில் அவர் பேரன் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்து, போன வருடம்தான் வைதேகி கைக்கு வந்தது.

சேலையில் இரண்டு ஓட்டை

உத்தரியம் என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சின்னத் துணிச் சதுரங்களை நாடாவில் கோத்து, ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலும் படும்படி கழுத்தில் போட்டுக்கொள்வது. மாதாவின் காவல் என்று நம்பிக்கை. பழுப்புக் கம்பளித் துணியில்தான் இருக்கும். பட்டில் யாரும் தைப்பதில்லை.

என் பெரியம்மா தைத்தாள்.

அன்னம்மாள், என் அம்மாவின் அக்கா. மேலப்புதூரில் வீடு. அவள் புருஷன் சவரிமுத்து ரங்கூன் அரிசி ஆலையில் ஃபிட்டர் வேலைக்குப் போனார். திடீரென்று கப்பல் கிடைத்த அவசரம். வீட்டில் பழுப்புத் துணி இல்லை. பெரியம்மா தன் கல்யாணத்துக்குச் சாமியாரிடம் மந்திரித்துக் கட்டிய மயில்கழுத்துப் பட்டுச் சேலையின் தலைப்பில் இரண்டு சதுரம் வெட்டி, சிவப்பு நூலால் ஓரம் அடித்து, அவர் கழுத்தில் போட்டு அனுப்பினாள். மந்திரித்த சேலையில் கத்தரி வைக்கலாமா என்று வீட்டில் பெரிய சண்டை. அப்போது பெரியம்மாவுக்கு மூன்று மாதம்.

இரண்டு கடிதம் வந்தது. பிறகு குண்டு விழுந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

மேரியக்கா பிறந்தாள். பர்மாக்காரர்கள் வர ஆரம்பித்ததும், கைக்குழந்தையைச் சிறுமியாக இருந்த என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பெரியம்மா தினமும் ஜங்ஷனுக்குப் போவாளாம். ரயிலில் இருந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்பாளாம். தெருப் பெண்களோடு சேர்ந்து அண்டாவில் கஞ்சி காய்ச்சி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கொட்டகை வாசலில் வாளியில் ஊற்றிவிட்டு வருவாளாம். வேலிக்கு உள்ளே விடமாட்டார்கள். "நாம ஒருத்தருக்கு ஊத்துனா, அங்க ஒருத்தி அவருக்கு ஊத்துவா" என்பாள்.

இந்தக் கஞ்சிக் கதையைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் அதே கஞ்சியைக் காய்ச்சித் தெருவுக்கே கொடுப்பாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். எல்லாருக்கும் ஊற்றும் முன்னால் ஒரு டம்ளர் எடுத்துத் தட்டால் மூடி, அந்தோனியார் சுரூபத்தின் அருகில் வைத்துவிடுவாள். அது பெரியப்பாவுக்கு. பொழுது சாய்ந்ததும் முருங்கை மரத்தடியில் கொட்டுவாள்.

நான் எழுதிய ஒரு வார்த்தை

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலங்களில் கோவில் ஆபீஸில் உட்கார்ந்து பூசைக் கருத்து எழுதிக் கொடுப்பேன். யாருக்காக மன்றாட வேண்டும் என்று ஜனங்கள் வந்து சொல்ல, நோட்டில் எழுதவேண்டும். சாமியார் அதைப் பூசையில் வாசிப்பார். நோட்டில் இரண்டு பக்கம். ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, மற்றது மரித்தவர்களுக்கு.

பெரியம்மா மாதா மாதம் வந்து ஒரே கருத்தைத்தான் சொல்லுவாள்: "சவரிமுத்து சுகமாய் வீடு திரும்ப." நாற்பது வருடம் ஆகப் போகிறது. கலர்ச் சேலைதான் கட்டுவாள், தாலியைக் கழற்றவில்லை. குடும்பத்தில் எல்லாருக்கும் மனசுக்குள் தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

அது கல்லறைத் திருநாள் வாரம். ஆபீஸ் முழுக்க மரித்தவர்களின் உறவினர் கூட்டம். முப்பது நாற்பது பேர் வரிசையாக எழுதிய கை, அவள் வந்து பேரைச் சொன்னதும் தானாக எழுதியது: "இறந்த சவரிமுத்து ஆன்ம இளைப்பாற்றிக்காக."

கோவில் நிறைந்த கூட்டத்தில் சாமியார் வாசித்தார். பெரியம்மா எழுந்தாள். நடுப்பூசையில், நடுக்கோவிலில், எல்லாரும் பார்க்க வெளியே நடந்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை. காலில் விழுந்திருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் கல்யாணத்துக்கும் வரவில்லை.

அவள் செத்த அன்று கல்யாணச் சேலையைத்தான் போர்த்த வேண்டும் என்று மேரியக்கா சொன்னாள். பெட்டியைத் திறந்து எடுத்தது நான். தலைப்பில் இரண்டு சதுர ஓட்டை. ஓட்டையின் ஓரங்களும் பிரியாமல் இருக்கச் சிவப்பு நூலால் அடித்திருந்தது. தாலியோடு அடக்கம் செய்தோம். கல்லில் அவள் பேருக்கு மேலே 'சவரிமுத்துவின் மனைவி' என்று மட்டும் வெட்டினோம். 'காலஞ்சென்ற' போடவில்லை.

மிச்ச நான்கு வரி

பல் டாக்டர் மீதியை வாசித்தார். "ஓரம் சிவப்பு நூல். இரண்டு நாள் மேலப்புதூர்ப் பெண்கள் கொண்டுவந்த கஞ்சி குடித்தான். மூன்றாம் நாள் குடிக்கவில்லை. சாயங்காலம் அடக்கம்."

கூட்டத்தில் ஒரு பெண் 'ச்சு' கொட்டினாள். ஒருவர் படம் எடுத்தார்.

"எங்க புதைச்சாங்கன்னு தெரியுமா?" என்று வைதேகியிடம் கேட்டேன்.

"கொட்டகைக்குப் பின்னாடின்னு மட்டும்தான் இருக்கு சார். இப்ப நாம நிக்கிற இடமாகூட இருக்கலாம்."

தரையைப் பார்த்தேன். கார்களுக்காக மஞ்சள் கோடு போட்டு எண் எழுதியிருந்தது. என் சைக்கிள் பதினான்காம் எண்ணில் நின்றது.

இன்ஸ்பெக்டர் புத்தி சும்மா இருக்குமா? வேறு யாராவது ஒருத்தி மயில்கழுத்துப் பட்டை வெட்டியிருக்கலாமே என்று கேட்டது. இருக்கலாம். சிவப்பு நூலும் அடித்திருக்கலாமே? இருக்கலாம். வயது? பொருந்துகிறது. இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு பெரிய பெரிய பாய்லர் குழாய்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது பெரியப்பாதான்.

அந்த நிமிடம் என் மனசில் முதலில் வந்தது துக்கம் அல்ல. சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'அப்படியானால் நான் எழுதியது சரிதான்' என்பதுதான் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பதினான்காம் எண்ணில் இருந்து சைக்கிளை நகர்த்தினேன்.

வைதேகியிடம் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்டாள். "பேரு தெரியும்மா. சவரிமுத்து" என்றேன். அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது. மற்றவர்கள் பொங்கல் சாப்பிடக் கிளம்பினார்கள், நான் மேலப்புதூருக்கு மிதித்தேன்.

மூன்றரை கிலோமீட்டர். ரயில்வே பாலத்தில் இறங்கித் தள்ளியதையும் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றதையும் சேர்த்துப் பதினேழு நிமிடம். பர்மாவில் இருந்து மலையும் காடும் நடந்து, கப்பலோ ரயிலோ ஏறி, வீட்டுக்குப் பதினேழு நிமிட தூரத்தில் வந்து படுத்திருக்கிறார். பெரியம்மா ஜங்ஷனில் நின்று ஊரான் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம் வந்தது எனக்கு. வேலி கட்டியவன் மேலா, பேதி மேலா, நாக்கை எடுத்துக்கொண்ட கடவுள் மேலா? தெருவோடு போகிறவர்கள் பார்க்க, சைக்கிள் மிதித்துக்கொண்டே அழுதேன்.

"அன்னிக்கு எழுதினேல்ல?"

மேரியக்காவுக்கு எண்பத்து மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். ஊரில் எல்லாருக்கும் லைன் போட்டுக் கொடுத்தாள், தனக்கு ஒன்றும் அமையவில்லை. அப்பா வந்து கைப்பிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போகாமல் கல்யாணம் இல்லை என்று பெரியம்மா ஒற்றைக் காலில் நின்றாள். வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. பெரியம்மா போன பிறகும் மாதா மாதம் அதே கருத்தைக் கோவிலில் எழுதி வைப்பவள் மேரியக்கா.

வாசலில் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இதை அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் அவள் காத்திருந்த காலம் முழுக்க வீண் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், தெரிந்திருந்தும் அவளைக் காக்க வைப்பவன் ஆகிறேன். ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டவன் நான். பேசாமல் திரும்பிவிடலாம் என்று பூட்டைத் திறக்கவும் செய்தேன்.

"யாரு, தாசா? வெயில்ல ஏன்டா நிக்கிற? உள்ள வா" என்று குரல் வந்தது.

மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தாளை எடுத்து நீட்டினேன். ஜன்னல் பக்கம் போய் நின்று வாசித்தாள். ஒரு முறை வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து வாசித்தாள். அவள் அழவில்லை.

"எவ்வளவு தூரம்டா?"

"மூன்றரை கிலோமீட்டர்க்கா. சைக்கிள்ல பதினேழு நிமிஷம்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா வேலியப் பிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க."

"ஆமாங்க்கா."

தெருவில் பழ வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். பிறகு மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பூசைக் கருத்து எழுது. நீயே கொண்டு போய்க் குடு."

பேனாவைப் பிடித்தேன். அந்த முதல் வார்த்தை வரவில்லை. நாற்பத்தைந்து வருடம் முன்னால் யோசிக்காமல் எழுதிய கை, இப்போது அந்த வார்த்தைக்கு முன்னால் நின்றுவிட்டது.

"எழுதுடா" என்றாள். "அன்னிக்கு எழுதினேல்ல?"

சுருக்கென்று இருந்தது. எனக்கு அது வேண்டியதுதான். எழுதினேன். வாங்கிப் பார்த்து, அவர் பேருக்குக் கீழே தன் கையால் 'அன்னம்மாள்' என்று சேர்த்தாள். அந்தத் தாளோடு சாயங்காலப் பூசைக்குப் போனேன்.

பெரிய வெள்ளி

இரண்டு வாரம் கழித்துப் பெரிய வெள்ளி. மேரியக்காவால் முன்போல நிற்க முடியவில்லை. நானும் என் மனைவியும் போய் அண்டாவை இறக்கி வைத்தோம். உப்பு, தேங்காய்ப்பால் எல்லாம் அவள் கையால்தான் போட்டாள். திருச்சிலுவை வழிபாடு முடிந்து தெரு ஜனம் வாசலில் கூடிவிட்டது. சின்னப் பிள்ளைகள் டம்ளர்களைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

அவள் கரண்டியை எடுத்து நேராக முதல் பிள்ளைக்கு ஊற்ற ஆரம்பித்தாள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தோனியார் சுரூபத்தின் அருகில் ஒன்றும் இல்லை. எப்போதும் மூடி வைக்கும் டம்ளர் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது.

வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்துக் குனிந்து மெல்லக் கேட்டேன்.

"அக்கா, பெரியப்பாவுக்கு எடுத்து வைக்கலையா?"

வரிசையில் நின்ற அடுத்த டம்ளரில் ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவருதான் அம்மா காய்ச்சினதயே குடிச்சிட்டுப் போயிட்டாரேடா."